தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தவர்
காலரா, பிளேக் ஊசிகளைத் தந்த ஹாப்கின் கதை

வெளிநாட்டுப் பிரயாணம். பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவும் கிடைத்துவிட்டது. பெட்டி படுக்கையும் கட்டியாகிவிட்டது. அதோடு எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. இன்னும் ஓர் ஊசி பாக்கி இருக்கிறது!

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, அதற்கான சர்டிபிகேட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சர்டிபிகேட் செல்லும். புறப்படுவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பயன் இல்லை. ஹஜ் யாத்திரை போகிறவர்களுக்கு மூளைக் காய்ச்சல் ஊசி உண்டு.

ஒரு காலத்தில் இதைவிட அதிகம். அம்மை குத்திக்கொள்ள வேண்டும். காலரா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். காலரா ஊசிச் சர்டிபிகேட் இல்லாதவரைப் பல நாடுகள் தங்கள் மண்ணில் இறங்க விடவில்லை. 1973-ம் ஆண்டில்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த விதியை எடுத்தது. அதுவரை கப்பல் ஏறியவர்களும் விமானம் ஏறியவர்களும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கை வீங்கியது. ஜுரம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, இந்த ஊசியைக் கண்டுபிடித்தவன் யார் என்று முணுமுணுத்தார்கள்.

கண்டுபிடித்தவருக்கும் அப்படித்தான் ஜுரம் வந்தது. கை வீங்கவில்லை, இடுப்புக்கு மேலே விலாப் பக்கம் வலி எடுத்தது. ஏனென்றால் அங்கேதான் அவர் ஊசி போட்டுக்கொண்டார்.

அவர் பெயர் வால்டெமார் ஹாப்கின்.

மதம் மாற மறுத்தார்

கருங்கடல் ஓரத்தில் ஒடெஸ்ஸா என்று ஒரு துறைமுகம். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அன்று ரஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி அந்த ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார்.

ஒடெஸ்ஸா சர்வகலாசாலையில் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் மெச்னிகாப். பிற்காலத்தில், 1908-ல், நோபல் பரிசு பெற்ற பெரிய விஞ்ஞானி. மாணவன்மேல் அவருக்குத் தனி அன்பு.

அந்த நாளில் ரஷியாவில் யூதர்களின் பாடு மிகவும் மோசம். 1881-ல் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டரைப் புரட்சிக்காரர்கள் குண்டு வீசிக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் கும்பல்கள் சூறையாடின. யூத இளைஞர்கள் தங்கள் தெருக்களைக் காக்கத் திரண்டார்கள். ஹாப்கினும் அவர்களில் ஒருவர். அவருக்குக் காயம் பட்டது. போலீசார் அவரையே கைது செய்தார்கள்! மெச்னிகாப் தலையிட்டு அவரை மீட்டார்.

படிப்பில் புலி. ஆனால் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. ரஷியக் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தால் வேலை உண்டு என்றார்கள். ஹாப்கின் மறுத்துவிட்டார். சில காலம் ஒடெஸ்ஸா காட்சிசாலையில் விலங்குகளை ஆராயும் வேலை பார்த்தார். 1888-ல் நாட்டை விட்டே கிளம்பினார். ஸ்விட்சர்லாந்தில் ஒரு வருஷம். அப்புறம் பாரிஸ்.

பாரிசில் புகழ்பெற்ற பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் அப்போதுதான் திறந்திருந்தது. மெச்னிகாப் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். மாணவனுக்கும் இடம் கேட்டார். காலியாக இருந்தது ஒரே ஒரு வேலை. புத்தகசாலையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஹாப்கின் அதை ஏற்றுக்கொண்டார். புத்தகங்களை அடுக்கினார். ஓய்வு நேரத்தில் பிடில் வாசித்தார். மிச்ச நேரமெல்லாம் பூதக்கண்ணாடிக்கு முன்னால் கழிந்தது.

விலாவில் ஓர் ஊசி

காலரா, நம் ஊரில் வாந்திபேதி என்றும் சொல்வார்கள். காலையில் வாந்தியும் பேதியும் தொடங்கினால் மாலைக்குள் உயிர் போய்விடும் என்று அஞ்சிய வியாதி அது. அசுத்தமான தண்ணீர் வழியாகப் பரவுவது. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மட்டும் 8,000 பேருக்கு மேல் காலராவுக்குப் பலியானார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்பே, 1885-ல், ஸ்பெயின் நாட்டு டாக்டர் பெரான் காலராவுக்கு ஊசி போட்டுப் பார்த்திருந்தார். பிற நாட்டு டாக்டர்கள் அதை நம்பவில்லை. ஹாப்கின் புது வழியில் இறங்கினார்.

கினிப்பன்றி என்று ஒரு சிறு பிராணி, ஆராய்ச்சிக்காக வளர்ப்பார்கள். காலராக் கிருமியை ஒரு கினிப்பன்றியின் வயிற்றில் செலுத்தினார். அங்கிருந்து எடுத்து அடுத்ததற்கு, அதிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு. இப்படி 39 தடவை! ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு வீரியம் ஏறியது. அதில் ஒரு பங்கைச் சூடான காற்று பட வைத்துப் பலவீனமாக்கினார். முதலில் பலவீனமான கிருமியை ஊசி மூலம் ஏற்றுவது. உடம்பு அதோடு போராடிப் பழகியபின், சில நாள் கழித்து, வீரியமுள்ளதை ஏற்றுவது. இதுதான் திட்டம்.

கினிப்பன்றிகள் பிழைத்துக்கொண்டன. முயல்களும் பிழைத்தன. மனிதன் பிழைப்பானா?

1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி ஹாப்கின் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். ஜுரம் அடித்தது, தலை வலித்தது. ஒரு நாளில் தணிந்தது. ஆறு நாள் கழித்து வீரியமுள்ள ஊசியையும் போட்டுக்கொண்டார். அதற்கும் ஜுரம்; அதுவும் தணிந்தது. பிறகுதான் தம் ரஷிய நண்பர்கள் சிலருக்கும் போட்டார். எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் டப்பரின் பிரபு. அதற்குமுன் இந்தியாவில் வைசிராயாக இருந்தவர். காலரா ஆண்டுதோறும் எத்தனை உயிர்களை வாரிக்கொண்டு போகிறது என்பது அவருக்குத் தெரியும். இந்தியாவுக்குப் போகச் சொன்னார். கடிதமும் கொடுத்தார்.

போகும் வழியில் இங்கிலாந்தில் ராணுவ டாக்டர்களுக்கு ஹாப்கின் தம் முறையை விளக்கினார். அதைக் கவனித்தவர்களில் ஆம்ராத் ரைட் என்பவர் ஒருவர். அதே வழியைப் பின்பற்றி அவர் சில ஆண்டுகளில் டைபாய்டு ஊசியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் வெளிநாடு போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிகளில் டைபாய்டு ஊசியும் ஒன்று.

கல்கத்தாவில் கிடைத்த சாட்சி

1893 மார்ச் மாதம் ஹாப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அப்போது வயது 33.

வரவேற்பு எப்படி? வெள்ளைக்கார டாக்டர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இவர் டாக்டர் பட்டம் பெற்றவர் அல்ல; விலங்கு நூல் படித்தவர். ரஷியர் வேறு. ரஷிய ஒற்றனாக இருப்பாரோ என்றுகூடச் சந்தேகம். இந்தியர்களோ, சர்க்கார் ஊசி என்றாலே ஒதுங்கினார்கள். உடம்பில் ஏதோ விஷத்தை ஏற்றுகிறான் என்ற பயம். அந்தப் பயத்தைக் கண்டு சிரிப்பதற்கில்லை. நோயே இல்லாதவனுக்கு நோய்க்கிருமியை ஏற்றுவது என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

ஹாப்கின் வாதாடவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நின்று தனக்கே ஊசி போட்டுக் காட்டினார். அவருடன் சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் ஆகிய இந்திய டாக்டர்கள் உழைத்தார்கள். ஆக்ராவில் தொடங்கி வட இந்தியா முழுவதும் சுற்றினார். ஒரு வருஷத்தில் சுமார் 23,000 பேருக்கு ஊசி போட்டாயிற்று.

ஆனால் ஊசி பலன் தருகிறதா? அதை எப்படி நிரூபிப்பது? அதற்கு விடை 1894-ல் கல்கத்தாவிலேயே கிடைத்தது. காட்டல் பாகான் என்ற குடிசைப் பகுதி. குளத்துத் தண்ணீரையே எல்லோரும் புழங்கினார்கள். அங்கே காலரா தோன்றி இரண்டு பேர் இறந்தார்கள். உடனே ஹாப்கினும் கூட்டாளிகளும் விரைந்து போய், சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகும் 10 பேருக்கு நோய் கண்டது. 7 பேர் இறந்தார்கள். பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்!

ஒரே குளம், ஒரே தண்ணீர், ஒரே தெரு. ஊசி ஒன்றுதான் வித்தியாசம். நகர சபை அசந்துபோனது. ஊசிக்காகப் பணம் ஒதுக்கியது. அடுத்து அஸ்ஸாமுக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகும் கூலிகள். நீண்ட பிரயாணத்தில் நெருக்கியடித்துப் போன அந்த ஏழைகளைக் காலரா வழியிலேயே பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கும் ஊசி போட்டார்கள். பிரயாணிகளுக்குக் காலரா ஊசி என்பது, சீமைக்குப் போகும் சீமான்களுக்கு முன்பே, இந்தக் கூலிகளுக்கு வந்துவிட்டது.

நெய்யில் தொங்கிய விழுதுகள்

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி மூலம் மனிதனுக்கு வரும் கொள்ளை நோய். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். அந்த நாளில் பிடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பம்பாயை விட்டு லட்சக்கணக்கானோர் ஓடினார்கள்.

சர்க்கார் ஹாப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும் கொடுத்தார்கள். ஒரு குமாஸ்தா, மூன்று சேவகர்கள். இவ்வளவுதான் படை! இரவு பகல் பாராத உழைப்பில் உதவியாளர் ஒருவருக்கு மூளை கலங்கியது. வேறு இருவர் வேலையை விட்டே போனார்கள்.

பிளேக் கிருமியை வளர்க்க மாமிச ரசம் வேண்டும். மாட்டு மாமிசம் இந்துக்களுக்கு ஆகாது. பன்றி மாமிசம் முஸ்லிம்களுக்கு ஆகாது. ஹாப்கின் ஆட்டு மாமிசத்தை எடுத்துக்கொண்டார். ரசத்தின்மேல் சில துளி நெய் விட்டார். ஆம், நம் வீட்டு நெய்தான்! மிதக்கும் நெய்த்துளியைப் பற்றிக்கொண்டு கிருமிகள் ஆலமரத்து விழுதுபோலக் கீழே தொங்கி வளர்ந்தன. மெல்ல ஆட்டினால் விழுதுகள் உதிரும், மறுபடி வளரும். பிறகு சூடு காட்டிக் கிருமிகளைக் கொன்றார். செத்த கிருமிகள்தான் இந்த ஊசியின் மருந்து.

1897 ஜனவரி 10-ந் தேதி மறுபடியும் தன் உடம்பு. பிறருக்குப் போடப்போவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார். கடுமையான ஜுரம், வலி. சில நாளில் எழுந்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் பைக்குல்லா சிறையில் பிளேக் தலைகாட்டியது. விருப்பமுள்ள கைதிகளுக்கு ஊசி போட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் முன்வந்தார்கள். ஊசி போட்ட அன்றே நோய் கண்டிருந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் 12 பேரைப் பிளேக் பிடித்து, 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் இருவருக்கு நோய் வந்தது, இருவரும் பிழைத்தார்கள்.

ஆகா கான் அப்போது இருபது வயது இளைஞர். தம்மைப் பின்பற்றும் மக்களின் பயத்தைப் போக்க, அவர்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஆராய்ச்சிக்குத் தம் பங்களா ஒன்றையும் கொடுத்தார்.

பிளேக்கினால் பிரயாணமே நரகமாகியிருந்தது. ரயிலை நிறுத்திப் பிரயாணிகளை இறக்கிச் சோதித்தார்கள். முகாமில் அடைத்தார்கள். 1897-ல் ஹஜ் கப்பல்கள் தடுக்கப்பட்டன. அதே ஆண்டு பல நாட்டுப் பிரதிநிதிகள் வெனிஸ் நகரில் கூடிப் பிளேக்குக்காகக் கப்பல் விதிகள் செய்தார்கள். அந்த நெருக்கடியில் ஹாப்கினின் ஊசிக்குப் புது மதிப்பு வந்தது. ஊசி போட்டுக்கொண்ட சர்டிபிகேட்டைக் காட்டியவர்களுக்குப் பல கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஒரு துண்டுக் காகிதம் வழியைத் திறந்துவிட்டது!

1897-ல் விக்டோரியா மகாராணி பட்டம் கொடுத்தார். 1899-ல் பரேல் பகுதியில் பழைய கவர்னர் மாளிகையே ஹாப்கினின் ஆராய்ச்சிசாலை ஆயிற்று. கல்கத்தாவில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர் இப்போது மாளிகையில்!

ஒரு புட்டி, பத்தொன்பது உயிர்

1902-ம் ஆண்டு அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று 107 பேர் பிளேக் ஊசி போட்டுக்கொண்டார்கள். பம்பாயிலிருந்து வந்த ஐந்து புட்டிகளில் இருந்த மருந்து.

ஒரு வாரம் சென்றது. அவர்களில் 19 பேருக்கு வாய் பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்தது. டெட்டனஸ்! 19 பேரும் இறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டிருந்தார்கள். அந்தப் புட்டியின் எண் 53.

ஊரைக் காக்க வந்த ஊசியே உயிரைக் குடித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? பஞ்சாபில் ஊசி என்ற பேச்சையே எடுக்க முடியாமல் போயிற்று.

சர்க்கார் விசாரணைக் குழு வைத்தது. பஞ்சாபுக்கு லட்சக்கணக்கில் மருந்து அவசரமாகத் தேவைப்பட்டதால், மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை ஹாப்கின் விட்டிருந்தார். சூடு காட்டுவதே போதும் என்று கருதினார். பாஸ்டர் நிலையத்திலும் சூடு காட்டும் முறையே இருந்தது. ஆனால் குழு அதைப் பிடித்துக்கொண்டது. புட்டி பம்பாயிலேயே கெட்டிருக்கவேண்டும் என்று முடிவு கட்டியது. ஹாப்கினின் வேலை போயிற்று. 1904-ல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார்.

உண்மையில் நடந்தது என்ன?

முல்கோவாலில் புட்டியைத் திறந்தபோது, தக்கையைப் பிடுங்கும் இடுக்கி உதவியாளரின் கையிலிருந்து தரையில் விழுந்தது. டெட்டனஸ் கிருமி குடியிருப்பதே மண்ணிலும் சாணத்திலும்தான். கீழே விழுந்த கருவியை நெருப்பில் காட்டவேண்டும். அல்லது கொதிக்கவைக்க வேண்டும். அவர் கிருமிநாசினியில் ஒரு முக்கு முக்கி எடுத்து, அப்படியே தக்கையைப் பிடுங்கிவிட்டார். இன்னொரு சாட்சியமும் இருந்தது. அந்தப் புட்டி பம்பாயில் அடைக்கப்பட்டு 41 நாள் ஆகியிருந்தது. அன்றே கிருமி புகுந்திருந்தால் அத்தனை நாளில் பெருகி, திறந்ததும் நாற்றம் குடலைப் பிடுங்கியிருக்கும். ஊசி போட்ட டாக்டர் முகர்ந்து பார்த்தார்; நாற்றமே இல்லை!

இதெல்லாம் விசாரணையிலேயே பதிவானவை. ஆனாலும் சர்க்கார் காகிதங்கள் வெளியே வர ஆண்டுகள் ஆயின. அதுவரை 19 பேரைக் கொன்ற பழி ஹாப்கின் தலையில் இருந்தது. நிரபராதியான யூத அதிகாரி டிரைபஸைப் பிரெஞ்சு ராணுவம் பழிவாங்கியதற்கு இதை ஒப்பிட்டுப் பேசினார்கள்.

அவருக்காக எழுந்தவர் ரொனால்ட் ராஸ். கொசுவால் மலேரியா பரவுவதை இந்தியாவில் கண்டுபிடித்து, 1902-ல் நோபல் பரிசு பெற்றவர். லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். 1907 ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் ஒன்றாகக் கையெழுத்திட்டு, ஹாப்கின்மேல் குற்றம் இல்லை என்று அதே பத்திரிகையில் அறிவித்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் சர்க்கார் இறங்கி வந்து, மறுபடி வேலை கொடுத்தது.

திரும்பி வந்தார்

அவர் திரும்பி வந்தார். வேறொருவராக இருந்தால் இந்தியா இருக்கும் திசையையே பார்த்திருக்கமாட்டார்!

ஆனால் பம்பாயில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஹாப்கினைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மருந்து தயாரிக்க வசதி இல்லை. பழைய சம்பளம் உண்டு. பழைய வேலை இல்லை. பெயரைத் திருப்பிக் கொடுத்தவர்கள், அந்தப் பெயரைச் சம்பாதித்துத் தந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அமைதியாக ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, 1915-ல் இந்தியாவை விட்டுப் போனார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் தம் முன்னோரின் மத ஆசாரங்களை முறையாகக் கடைப்பிடித்தார். தம் சேமிப்பை யூத மதக் கல்விக்கு எழுதிவைத்தார்.

1925-ல் பரேல் ஆராய்ச்சிசாலைக்கு ஹாப்கின் இன்ஸ்டிடியூட் என்று பெயர் மாற்றினார்கள். 1897 முதல் அதுவரை பம்பாயிலிருந்து வெளியே போன பிளேக் மருந்து 2 கோடியே 60 லட்சம் ஊசிகளுக்கு மேல். செய்தி கேட்ட ஹாப்கின், தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகள் பம்பாய் வேலையிலேயே கழிந்தன என்ற கருத்தில் நன்றிக் கடிதம் எழுதினார். முல்கோவால் பற்றி மனஸ்தாபமாக ஒரு சொல் சொல்லவும் அவருக்கு உரிமை இருந்தது. அவர் சொன்னது அவ்வளவுதான்.

1930-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரில் ஹாப்கின் காலமானார். வயது 70. 1964-ல் இந்திய சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. அப்போது வெளிநாடு போகும் இந்தியர்களின் சர்டிபிகேட்டில் காலரா ஊசிக்கு ஒரு பக்கம் இருந்தது. அதில் டாக்டர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.